ஹல்வாகோவா

ரேஸ்கோர்ஸ் கிளப்பில் மாடிப்படி திரும்பும் இடத்தில்
ஏழடித் தேக்குப் பலகை.
தலையில் பொன்னெழுத்து: வைகைக் கோப்பை, மகளிர் ஒற்றையர்.
கீழே பத்தொன்பது வரிசை, பதினேழு பெயர்.
மீதி இரண்டும் என் பச்சை பைண்டு கணக்கு நோட்டில் இருக்கின்றன.

முதல் வருடச் செலவு:
தண்ணீர் லாரி பதினொன்று, சுண்ணாம்பு மூன்று மூட்டை,
பந்து எழுபது டஜன்.
வரவு: டிக்கெட்டில் நாற்பது பேர்.
மதில்மேல் இருந்தவர்களை யார் கணக்கெடுப்பது?
ஜெயித்தவள் பெங்களூர்க்காரி.
பரிசுக் குத்துவிளக்கை மூன்றாகக் கழற்றி
ராக்கெட் பையில் செருகிக்கொண்டு
ராத்திரி ரயிலுக்கு ஓடினாள்.

மூன்றாம் வருடம் தேதி குறித்தவர் வெளியூர்.
சித்திரை என்று எடுத்துச் சொல்ல
எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.
அரையிறுதி அன்று எதிர்சேவை.
தல்லாகுளத்தில் வேன் நின்றது, நின்றதுதான்.
தோல்பையிலிருந்து எவரோ தண்ணீர் பீய்ச்ச
ஜப்பான் பெண் ஜன்னலில் கழுத்தை நீட்டி
இன்னும் என்று சைகை காட்டினாளாம்.
எதிராளி இரண்டு மணி நேரம் சுவரோடு ஆடிக் காத்திருந்தாள்.
விதிப்படி கால்மணி தாண்டினால் தோல்வி.
அம்பயர் எழுதியது: தாமதம், காரணம் சாமி.
மறு வருடத்திலிருந்து மாசி மாதம்.

ஐந்தில் நூல்மில் துளசிராம் வந்தார்.
வலையில், துண்டில், பந்து பொறுக்கும் பிள்ளைகளின் முதுகில்
மில் முத்திரை.
பரிசுப் பணம் மூன்று மடங்கு.
எனக்கும் ஒரு ஃபேன் கிடைத்தது, ஆபீஸ் ரூமில்.

ஏழில் மேலூர் சுகிர்தா இறுதிக்கு வந்துவிட்டாள்.
பஸ்ஸில் வந்தார்கள், டிராக்டரில் வந்தார்கள்,
மதில் சரிந்தது, மேற்குப் பக்கம், பன்னிரண்டு அடி.
எதிரே ஈவெட்டா ஹ்லாவ்கோவா.
மூன்று மணி பதினொரு நிமிடம்.
கடைசி செட் ஏழுக்கு ஐந்து.
சுகிர்தா தோற்றதும் ஊர் எழுந்து நின்று
மற்றவளுக்கும் கை தட்டியது. நானும் தட்டினேன்.

மேடையில் கதவளவு அட்டைச் செக்.
நிஜச் செக் பதினாறாம் நாள் திரும்பி வந்தது.
மில்லுக்குப் போனேன்.
வாசலில் கோன் வைண்டிங் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்,
மூன்று மாதச் சம்பளம் பாக்கியாம்.
நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.
எந்த ஊர் மில் அக்கா நீங்க, என்று கேட்டாள் ஒருத்தி.

அதற்குள் பெயிண்டர் ஜபருல்லா எழுதி முடித்துவிட்டார்.
என் கையெழுத்தில் ‘ஹ்லா’ அவருக்குப் பிடிபடவில்லை.
ஹல்வாகோவா.
கமிட்டி ரூமில் அப்படியொரு சிரிப்பு:
பொருத்தமாத்தான் எழுதியிருக்கான்,
நாமதான் குடுத்துட்டோமே.
டீ ஆறும்வரை சிரித்தார்கள்.

கடிதம் வந்தது, நாலே வரி.
பணம் வரும்வரை என் பெயர் வேண்டாம்.
பிளேடால் நானே சுரண்டினேன்.
எட்டாம் வருடம் பந்தயமே இல்லை.

ஒன்பதிலிருந்து ஒரு விதி, என்னுடையது:
பரிசுப் பணம் வங்கியில் விழுந்த பிறகுதான்
பந்து வாங்க வேண்டும்.
டிக்கெட்டில் ஐந்து ரூபாய் ஏற்றினேன்.
ஏனென்று எவரும் கேட்கவில்லை.
நாலு வருடத்தில் அவள் தொகை சேர்ந்து
கடல் தாண்டிப் போனது.
சேர்ந்தது என்று வங்கி சொன்னது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஒவ்வொரு மாசியும் ஜபருல்லா
தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்கிறார்:
மேடம், அந்த ஏழாம் வரி?
ஸ்பெல்லிங் சரியாகத்தான் எழுதி வைத்திருக்கிறேன்,
ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக.
இருக்கட்டும் என்கிறேன்.

இந்த வருடம் ஜெயித்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது.
அவள் பிறந்ததும் பந்தயம் பிறந்ததும் ஒரே மாசியாம்.
படியில் நின்று இடைவெளியைப் பார்த்துவிட்டு
அப்போது ஆட்டம் நடக்கவில்லையா என்றாள்.
எட்டில் நடக்கவில்லை. ஏழில் நடந்தது என்றேன்.

கோன் வைண்டிங் பெண்களுக்குப் பாக்கி வந்ததா,
அது என் நோட்டில் இல்லை.